டம்மி டைம் செட்: தலையணை சுமார், கண்ணாடி அருமை

குழந்தைக்குத் தலை நின்றுவிட்டதா என்று வருகிறவர்களெல்லாம் கேட்கத் தொடங்கும் சமயத்தில்தான் டம்மி டைமுக்கான (tummy time, விழித்திருக்கும் குழந்தையைக் குப்புறக் கிடத்திப் பழக்கும் நேரம்) இந்தப் பெட்டியை வாங்கலாமா என்ற யோசனையும் வீட்டில் எழும். உள்ளே இருப்பவை எந்த நிறுவனத்துடையதானாலும் ஏறக்குறைய ஒன்றே: ஒரு விரிப்பு, பிறை வடிவத்தில் ஒரு சின்னத் தலையணை, தரையில் நிற்கும் கண்ணாடி, கறுப்பு வெள்ளை அட்டைகள், வளைவில் தொங்கும் பொம்மைகள், ஒரு கிலுகிலுப்பை. பெட்டியின் மேல் படத்தில் தலையணையின் மீது மார்பைச் சாய்த்து ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அந்தப் படத்துக் குழந்தைக்குக் குறைந்தது நான்கு மாதம் இருக்கும். பெட்டியின் ஓரத்திலோ "பிறந்த நாள் முதல்" என்று அச்சடித்திருக்கும். குழப்பம் அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது.

சாமான்களுக்குப் போகும் முன் தலை எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடலாம். பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு தலைதான். குப்புறக் கிடந்தபடி அதைத் தூக்கப் பின்கழுத்தும் மேல்முதுகும் சேர்ந்து உழைக்க வேண்டும். போதாததற்கு, வயிற்றுக்குள் சுருண்டு கிடந்த வாகில் முதல் சில வாரங்கள் இடுப்பும் முழங்காலும் மடங்கியே இருக்கும். கவிழ்த்துப் போட்டால் பிட்டம் மேலே நிற்கும், பாரமெல்லாம் கன்னத்திலும் மார்பிலும் இறங்கும். நாளாக ஆக இடுப்பு நீண்டு தரையில் படியும். பாரம் பின்னுக்கு நகரும். அப்போதுதான் முன்பக்கம் இலேசாகித் தலை எழும்பும்.

இதைக் கண்ணால் பார்க்க எதையும் வாங்க வேண்டியதில்லை. குப்புறக் கிடக்கும் குழந்தையின் பிட்டத்தில் உள்ளங்கையை வைத்து, கால் பக்கமாக மிக இலேசாக அழுத்திப் பிடியுங்கள். பல குழந்தைகள் அதுவரை விரிப்பில் ஒட்டிக் கிடந்த முகத்தைச் சட்டென்று தூக்கிப் பார்க்கும். கையை எடுத்தால் தலை மெல்ல இறங்கும். இந்தப் பெட்டியில் உள்ள ஒவ்வொன்றையும் எடைபோட இந்தக் கைதான் அளவுகோல். ஒரு சாமான் பாரத்தை இடுப்புக்கு நகர்த்த வேண்டும், இல்லையென்றால் தலையைத் தூக்க ஒரு காரணமாவது கொடுக்க வேண்டும். இரண்டும் செய்யாதது பெட்டியை நிரப்ப வந்தது.

விரிப்பிலிருந்து தொடங்கலாம். 1 முதல் 2 செ.மீ கனத்தில், அழுத்தினால் உடனே மேலே வரும் கெட்டியான ஃபோம் விரிப்பு என்றால் நல்லது. மெத்தென்று இருக்கும் பஞ்சு விரிப்பு கடையில் தொட்டுப் பார்க்கச் சுகமாக இருக்கும். குழந்தைக்கு அது சேறு மாதிரி: முழங்கையை ஊன்றினால் புதைந்துகொள்ளும், தள்ளி எழும்பப் பிடிமானம் கிடைக்காது, மூக்கும் துணிக்குள் போகும். கட்டில் மெத்தையில் குப்புறப் போடக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான், கீழே விழும் ஆபத்து வேறு. துண்டு துண்டாகக் கோக்கும் விரிப்பு வந்தால் இரண்டு தொல்லை. கக்கிய பால் இணைப்புகளில் இறங்கி நாறும். ஓரத்துச் சின்னத் துண்டுகள் கழன்று, பின்னாளில் வாய்க்குப் போகும். புதிய ஃபோமில் காட்டமான வாடை அடித்தால் அது அடங்கும்வரை சில நாள் காற்றோட்டமான இடத்தில் விரித்து வையுங்கள். வாடை போகவே இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவது மேல்.

விரிப்பு வழுக்குகிறது என்ற புகாரில் பாதி, சட்டையின் கோளாறு. முழுக்கைச் சட்டையும் காலுறையும் போட்ட குழந்தைக்குப் பிடிப்பே கிடைக்காது. கையும் பாதமும் வெறுமையாக இருக்கட்டும். இன்னொன்று, நனைந்து உப்பிய டயப்பர். அது இடுப்பை உயர்த்தி, பாரத்தை மறுபடியும் தலைப்பக்கமே தள்ளும். டயப்பர் மாற்றிய கையோடு குப்புறப் போட்டால் இந்தச் சிக்கலும் தீர்ந்தது, ஒரு வழக்கமும் ஆனது.

அடுத்தது அந்தத் தலையணை. மார்பை உயர்த்தினால் பாரம் இடுப்புக்கு நகரும் என்ற கணக்கு சரியானதுதான். உயரத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். இந்த வகைத் தலையணைகளில் பல 10 செ.மீ அளவுக்கு உயரம். இரண்டு மாதக் குழந்தையை அதன்மேல் வைத்தால் முழங்கை தரையைத் தொடாது. கைகள் இரண்டு பக்கமும் தொங்கும், தலையும் அவற்றோடு தொங்கும். பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்தாலும் குழந்தை வேலை எதுவும் செய்திருக்காது, தலையணைதான் செய்திருக்கும். சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க ஸ்கேல் வேண்டாம். குழந்தையைச் சாய்த்ததும் இரண்டு முழங்கைகளும் தோளுக்கு நேர் கீழே, அல்லது ஒரு விரற்கடை முன்னால், தரையில் படிய வேண்டும். படியாவிட்டால் அந்தத் தலையணை இன்னும் இந்தக் குழந்தைக்கு ஆகவில்லை. எடை ஏறி அழுந்திய பிறகு 5 முதல் 7 செ.மீ இருந்தால் பெரும்பாலான சின்னக் குழந்தைகளுக்குப் பொருந்தும். அந்த உயரத்தைச் சுருட்டிய துண்டே கொடுத்துவிடும். நடுத்தரக் குளியல் துண்டை நீளவாக்கில் மடித்து இறுகச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்டுக்குப் பதில் துணிப்பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்ட் கழன்றால் வாய்க்குப் போகும்.

வைக்கும் இடம் உயரத்தைவிட முக்கியம். தலையணையின் முன் விளிம்பு அக்குளுக்குக் கீழே, மார்புக் காம்புகளின் மட்டத்தில் வர வேண்டும். பிறையின் இரண்டு நுனிகளும் விலாவை அணைத்தபடி காலை நோக்கித் திரும்பியிருக்கும், கைகள் விளிம்பைத் தாண்டி முன்னால் வரும். இதிலிருந்து இரண்டு விரல் பிசகினாலும் கதை மாறும். தலையணை கீழே நழுவி வயிற்றுக்கு வந்தால் வயிறு அழுந்தும், குடித்த பால் வெளியே வரும், முகம் கவிழ்ந்து தரையில் இடிக்கும். மேலே ஏறித் தொண்டைக்கு வந்தால் முகவாய் விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். பார்க்கத் தலை நன்றாக நிற்பது போலவே இருக்கும், உண்மையில் மூச்சுக்குழாய்தான் நெருக்கப்படும். முகவாய்க்கும் துணிக்கும் நடுவே எப்போதும் இடைவெளி தெரிய வேண்டும். குழந்தை காலால் உந்த உந்த உடம்பு முன்னுக்கு நகரும் என்பதால் ஒருமுறை சரியாக வைத்தேன் என்று விட்டுவிட முடியாது. நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும்.

கெட்டித்தன்மையை உள்ளங்கையால் சோதிக்கலாம். நடுவில் கையை வைத்து அழுத்தி ஐந்து எண்ணுங்கள். கையை எடுத்ததும் பள்ளம் அப்படியே நின்றாலோ, அழுத்தும்போது துணி கையைச் சுற்றி மூடிக்கொண்டாலோ, அது முகத்தையும் அப்படித்தான் மூடும். குழந்தைகளைச் சாய்க்கும் இத்தகைய மெத்தைகளில் நேர்ந்த மூச்சுத்திணறல் மரணங்களைத் தொடர்ந்து அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் இவற்றுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. இவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், சாய்வு 10 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பன அதில் அடக்கம். இவ்வளவுக்குப் பிறகும் சில தலையணைகளின் அட்டையில் "விளையாடவும் ஓய்வெடுக்கவும்" என்று எழுதியிருக்கிறார்கள். ஓய்வெடுக்க என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே இரண்டு மதிப்பெண் குறைக்கலாம். இதில் குழந்தை தூங்கவே கூடாது. கண் சொக்கினால் உடனே தூக்கி, தட்டையான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கப் போட வேண்டும். தலையணைக்கு 5-இல் 2. அதுவும் ஏறக்குறைய மூன்றாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரையிலான குறுகிய காலத்துக்கு.

கண்ணாடியில்தான் பெட்டிக்குக் கொடுத்த காசு திரும்புகிறது. தலையைத் தூக்கக் குழந்தைக்கு ஒரு காரணம் வேண்டும், அசையும் முகத்தைவிடப் பெரிய காரணம் அந்த வயதில் கிடையாது. அது தன் முகம்தான் என்று இன்னும் பல மாதங்களுக்குத் தெரியப் போவதில்லை. தெரியாததால் ஒரு குறையும் இல்லை.

அது உடைந்து சில்லாகும் கண்ணாடியாக இருக்கக் கூடாது, உடையாத அக்ரிலிக் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். வாங்கியதும் மங்கலாகத் தெரிகிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய பாதுகாப்புத் தாளை உரிக்காததுதான் பெரும்பாலும் காரணம். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினால் சரசரவென்று வந்துவிடும். உரித்ததை உடனே குப்பையில் போடுங்கள், பாதி உரிந்து தொங்கும் பிளாஸ்டிக் தாள் குழந்தையின் மூச்சை அடைக்கக்கூடியது. உரித்த பிறகும் முகம் அலையலையாக நெளிந்தால் தகடு மெலிது, அது தயாரிப்புக் குறை.

இனி வைக்கும் விதம். கண்ணாடியின் கீழ் விளிம்பு தரையைத் தொட வேண்டும். முகத்துக்கும் அதற்கும் 20 முதல் 30 செ.மீ தூரம். முதல் மாதங்களில் பார்வை தெளிவாகப் பிடிக்கும் தூரம் அவ்வளவுதான். பலர் இதைச் சுவரில் உயரமாகச் சாய்த்துவிடுகிறார்கள். குழந்தை அதைப் பார்க்கக் கழுத்தைப் பின்னுக்கு மடக்கும், முதுகு வில்லாக வளையும், கைகள் தரையை விட்டு எழும்பி நீச்சலடிப்பது போல் பின்னால் போகும். வீட்டார் கை தட்டுவார்கள். அது தலை நிற்பது ஆகாது, முதுகுத் தசையால் விறைத்துக்கொண்டு தொங்குவது. தலை நன்றாக நிற்கும்போது பின்கழுத்து நீண்டிருக்கும், முகவாய் சற்று உள்ளே வாங்கியிருக்கும், முழங்கை தரையில் ஊன்றியிருக்கும். கண்ணாடியைத் தரைமட்டத்துக்கு இறக்கினாலே பாதிக் குழந்தைகளிடம் இந்த விறைப்பு மறையும். மேலே விளக்கு எரிந்தால் கண்ணாடியில் அது பளீரென்று தெறித்து, குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்புங்கள்.

முக்கோணமாக மடங்கி வெல்க்ரோவால் ஒட்டும் தாங்கி இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கும். குழந்தை கையை வீசத் தொடங்கியதும் முன்பக்கமாகச் சாயும். பின்னால் ஒரு கனமான பொருளை முட்டுக் கொடுப்பதைவிட விரிப்போடு கட்டும் நாடா உள்ள கண்ணாடியை வாங்குவது உத்தமம். நாடா குட்டையாகவே இருக்கட்டும், குழந்தையின் கழுத்தைச் சுற்றும் நீளத்துக்கு எந்தக் கயிறும் கூடாது. 5-இல் 4.

அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தடித்த கோடு, வளையத்துக்குள் வளையம், முகம் போன்ற உருவம் இவை வேலை செய்யும், நுணுக்கமான கோலம் வேலை செய்யாது. காட்டும்போது அவசரம் கூடாது. முகத்துக்கு நேரே பிடித்துக் கண் பதியும்வரை காத்திருந்து, பிறகு ஒரு சாண் தூரம் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். பார்வை தொடரும், அதன் பின்னால் கழுத்தும் திரும்பும். மூன்று நான்கு மாதத்தில் இவை சலித்துவிடும்.

வளைவில் தொங்கும் பொம்மைகள் மல்லாந்து கிடக்கும் குழந்தைக்கானவை. குப்புறக் கிடக்கும் குழந்தைக்கு மேலே தொங்கினால் முன்பு சொன்ன அதே விறைப்பைத்தான் வரவழைக்கும். கழற்றித் தரையில் வையுங்கள். கிலுகிலுப்பையைக் காதோரம் பலமாக ஆட்டாமல், கண்மட்டத்தில் ஓர் அடி தள்ளி ஒரு தடவை ஆட்டி நிறுத்தினால் தேடித் திரும்பும். விளக்கு எரியும், பாட்டுப் பாடும் பொம்மை இருந்தால் பேட்டரி அறையின் மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய பொத்தான் பேட்டரி உணவுக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும்.

சில செட்டுகளில் தண்ணீர் நிரப்பும் விரிப்பும் சேர்ந்து வருகிறது. மீன்கள் மிதக்கும், பார்க்க அழகுதான். தலை நிற்காத குழந்தைக்கு ஆடும் பரப்பு கூடுதல் சுமை, ஆகவே முழங்கை ஊன்றித் தலையை நிலையாகப் பிடித்த பிறகு எடுத்தால் போதும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், குளிர்ந்த நீர் உடம்புச் சூட்டை உறிஞ்சும். வாயடைப்பான் கசிகிறதா என்று நிரப்பியதும் கவிழ்த்துப் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பாசி தெரிந்தால் வேலை முடிந்தது, உள்ளே கையை விட்டுக் கழுவ வழியில்லை.

பெட்டியோடு வரும் கையேடு "தினமும் குப்புறப் போடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் என்பதல்லவா கேள்வி? அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் ஏழாம் வார வாக்கில் நாளொன்றுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடத்தை எட்டச் சொல்கிறது. இன்னும் தவழாத குழந்தைக்கு நாள் முழுவதும் பிரித்துப் பிரித்துக் குறைந்தது 30 நிமிடம் என்பது 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஒரே மூச்சில் அரை மணி என்று அர்த்தமில்லை. முதல் வாரங்களில் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நிமிடமே போதும், ஆனால் பல தடவை வேண்டும். பால் குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். அழுகை வரும்வரை காத்திருக்க வேண்டாம், அதற்கு முன்பே அறிகுறி தெரியும்: தலை ஒரு தடவை தொப்பென்று விழும், விரல்கள் மூடிக்கொள்ளும், மூக்கு விரிப்பில் தேயும். அங்கே நிறுத்துங்கள். எடுக்கும்போது அக்குளில் பிடித்து மேலே இழுக்காமல், தலைக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து ஒருக்களித்துப் புரட்டி எடுங்கள். அந்தப் புரட்டலே நாளைக்கு அது தானாகக் கவிழப் பழகும் பாடம்.

தரையில் போட்டதும் வீறிடும் குழந்தைக்கு எந்தச் சாமானும் உதவாது. பெரியவர் ஒருவர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, மார்பின்மேல் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். சாய்வு எவ்வளவு நிமிர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குத் தலை இலேசு. முதலில் 45 டிகிரி வாக்கில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் முதுகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக்கொண்டே போனால் தரைக்கு வந்துவிடலாம். இதையும் நேரக் கணக்கில் சேர்க்கலாம். சாய்ந்திருப்பவருக்குத் தூக்கம் வந்தால் மட்டும் உடனே குழந்தையை இறக்கிவிட வேண்டும்.

செட் பலன் தருகிறதா என்பதை நாள்காட்டியை வைத்தும் பார்க்கலாம். முதல் மாதம் ஒரு நொடி தூக்கி மூக்கைத் திருப்பிப் போட்டாலே நல்லது. இரண்டாம் மாத முடிவில் சில நொடிகள் 45 டிகிரி வாக்கில் தூக்கிப் பிடிக்கும். நான்காம் மாதத்தில் முழங்கையை ஊன்றி நேராகப் பார்க்கும். ஆறாம் மாத வாக்கில் கையை நீட்டி மார்பையே உயர்த்தும். குறைமாதக் குழந்தைக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். மூன்று மாதம் முடிந்தும் தலையைத் தூக்க முயற்சியே இல்லை, நான்கு மாதத்துக்குப் பிறகும் தூக்கிப் பிடித்தால் தலை ஆடுகிறது, உடம்பு துணிபோலத் துவள்கிறது அல்லது கட்டையாக விறைக்கிறது என்றால் புதிய சாமான் தேடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எப்போதும் ஒரே பக்கம் திரும்பிப் படுத்து, பின்தலை ஒரு பக்கம் தட்டையானாலும் அப்படியே. கழுத்துத் தசை ஒன்று இறுகியிருக்கலாம். மருத்துவர் பார்த்த பிறகு, கண்ணாடியைக் குழந்தை திரும்ப மறுக்கும் பக்கத்தில் வைத்தால் அது நல்ல பயிற்சியாகும்.

"இதோடு சேர்த்து வாங்குங்கள்" என்று கடைகள் காட்டும் இரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுத்தில் மாட்டி நீரில் மிதக்கவிடும் வளையம் ஒன்று. மரணமும் பலத்த காயமும் நேரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022-இல் இதை எச்சரித்திருக்கிறது. அதில் மாட்டிய கழுத்து பலப்படவும் செய்யாது. மற்றொன்று, உட்காரத் தெரியாத குழந்தையைச் சொருகி உட்காரவைக்கும் ஃபோம் நாற்காலி. தலை நிற்கும் முன் அதில் வைத்தால் முகவாய் மார்பில் மடங்கி மூச்சுக்குச் சிரமம், தலை நின்ற பிறகு வைத்தால் தரையில் கழிய வேண்டிய நேரம் வீண்.

துவைப்பதைப் பொறுத்தவரை, உறையை ஜிப் திறந்து தனியே கழற்ற முடிகிற தலையணையையே எடுங்கள். முழுதாகத் துவைக்க வேண்டிய பஞ்சுத் தலையணை இரண்டாம் சலவையிலேயே கட்டிகட்டியாகி ஒரு பக்கம் உயர்ந்து, குழந்தையைச் சரித்துவிடும். ஃபோம் என்றால் இயந்திரத்தில் போடாமல் ஈரத்துணியால் துடைத்து, அழுத்தினால் ஈரம் வராதவரை உலர்த்த வேண்டும். குழந்தை கையை நீட்டி எழும்பவோ புரளவோ தொடங்கிய அன்றே தலையணையை விரிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குமேல் அது ஒரு மேடு, உருண்டு முகம் குப்புற விழத்தான் உதவும். விரிப்பும் கண்ணாடியும் தவழும்வரை அங்கேயே கிடக்கட்டும்.